விழா விளக்கும் காணச் செல்வோரும்: கொழும்பு நத்தாரும் கல்முனைக் கொடியேற்றமும் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புகார் நகரத்துக் கடற்கரையை இரவில் காட்டப் புகுந்த இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் அங்கு எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லுகின்றார். சாந்தும் மலரும் விற்போர் வைத்த விளக்கு, அப்பம் சுடுவோர் வைத்த விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மரக்கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு, மீன்பிடி திமில்களின் விளக்கு என அப்பட்டியல் நீளுகின்றது. வேற்றுமொழி பேசும் நாட்டினர் அணையாது வைத்த விளக்கும் அதில் இடம்பெறுகின்றது. இந்திரவிழாவின் பின் மாதவி அக்கரைக்குச் செல்ல விரும்பியது அங்கு நிகழும் கடல் விளையாட்டைக் காண்பதற்காகவே.

பெருநகரொன்றின் விழாவொளியைக் காணச் செல்லுதல், எனவே, தமிழர் வாழ்விற் புதிய செயலன்று. ஈழத்துப் பேச்சுவழக்கில் இதனைப் ‘புதினம் பார்க்கப் போதல்’ என்பர். டிசெம்பரில் கொழும்பு நகரத்து நத்தார்ச் சோடனைகளைப் பார்க்கச் செல்வோரும், வைகாசியில் வெசாக் கூடுகளைப் பார்க்கச் செல்வோரும், ஜுமாதுல் ஆகிர் மாதத்தில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தைப் பார்க்கச் செல்வோரும் செய்வது ஒரே செயல்தான். அவர்களுட் பலர் அவ்விழாவுக்குரிய சமயத்தைச் சேர்ந்தவரல்லர் என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

விழா எடுத்தோரைப் பற்றி வரலாறு ஓரளவு பேசியுள்ளது. விழாவைக் காணச் சென்றோரைப் பற்றி அது பெரிதும் பேசியதில்லை. காண வந்தோரே ஒரு சமயத்தாரின் விளக்கைப் பலருக்குமுரிய ஒளியாக்கினர் என்பதும், அவ்வருகை நின்றுபோகுமிடத்து விளக்கு எரிந்தும் பயனில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து. கொழும்பையும் கல்முனையையும் ஒருங்கு வைத்து நோக்குவதன் மூலம் இதனை விளக்க முயல்வோம்.

மறைத்து வைக்கப்பட்ட விளக்கு

‘நத்தார்’ என்னும் சொல்லே வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் ‘நத்தால்’ என்னும் போர்த்துக்கீசச் சொல் ஈழத்தமிழில் அவ்வாறு நிலைத்தது. ஆயின், போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற அவ்விழா நெடுங்காலம் வெளிச்சத்துக்கு வர இயலாதிருந்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கல்வின் நெறியைச் சார்ந்த புரட்டஸ்தாந்தராவர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்குரியவர் என்று 1658இல் அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், யாழ்ப்பாணத்தில் நத்தார் இரவு வழிபாட்டுக்கு இரகசியமாகக் கூடியிருந்த கத்தோலிக்கர் சுற்றிவளைக்கப்பட்டுக் கைதான செய்தியும் உண்டு. அன்று சாளரத்தில் வைத்த விளக்குக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாயிருந்தது.

1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஒல்லாந்தருக்கு அஞ்சி மறைந்து பணியாற்றிப் பின்னர் கண்டியிற் புகலடைந்தார்; 1711இல் அங்கேயே மறைந்தார். பௌத்த மன்னரின் ஆட்சிப்பரப்பே அவருக்குக் காப்பளித்தது. இச்செய்தி எம் கரையோரத்து மக்களுக்குப் பிறிதொன்றை நினைவூட்ட வேண்டும். போர்த்துக்கீசரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது பலரும் அறிந்ததே. கத்தோலிக்கரைத் துரத்தியவர் ஒல்லாந்தர். முஸ்லிம்களைத் துரத்தியவர் போர்த்துக்கீசர். துரத்தியவர் வேறாயினும் தஞ்சமளித்த அரசு ஒன்றே.

ஆங்கிலேயர் ஆட்சியில் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். விளக்கை வெளியே வைக்கும் உரிமை அதன் பின்னரே கிட்டியது. 2015 ஜனவரி 14இல் கொழும்புக் காலிமுகத் திடலில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில், பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். மறைவில் எரிந்த விளக்கொன்று திறந்தவெளியை அடைய எத்துணைக் காலம் சென்றது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பவனியும் விளக்கும்

உரிமை கிடைத்தவுடன் இணக்கமும் கிடைத்துவிடவில்லை. 1883 மார்ச் 25ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்தப் பவனியொன்றுக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கைகலப்பு மூண்டது. அதனையடுத்துப் பௌத்தர் தம் உரிமைகளை வலியுறுத்தினர். கேணல் ஒல்கொட் முதலியோரின் முயற்சியால் 1885இல் வெசாக் தினம் பொதுவிடுமுறையாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 28இல் பௌத்தக் கொடியும் ஏற்றப்பட்டது. வெசாக் வாழ்த்து அட்டை, பக்திப் பாடல் போன்ற நகர வழக்குகள் நத்தார் வழக்குகளை ஒத்தனவாய் வளர்ந்தமையைக் கணநாத் ஒபயசேகர போன்ற அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். போட்டியிட்ட இரு சமயங்கள் ஒன்றின் அழகை மற்றொன்று கற்றுக்கொண்டன என்பது நகைமுரணாகத் தோன்றினும் உண்மையே.

முப்பது ஆண்டு கழித்து முஸ்லிம்களும் இத்தகைய பிணக்கில் அகப்பட்டனர். 1915 மே இறுதியில், கண்டியில் வெசாக் இரவுப் பவனியொன்று பள்ளிவாசலைக் கடந்து செல்வது தொடர்பாக எழுந்த தகராறு, சில நாட்களில் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிய கலவரமாயிற்று. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிங்கள மக்கள் கடுமையாக ஒறுக்கப்பட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். 1883இலும் 1915இலும் மோதலுக்குக் களமானது பவனியே, நின்றெரிந்த விளக்கன்று. பவனி பிறருடைய வாசலுக்குச் செல்கின்றது. செல்லும் வழி தனக்குரியது என்று சாற்றுகின்றது. விளக்கோ இருந்த இடத்தில் இருந்துகொண்டு பிறரைத் தன்னிடம் அழைக்கின்றது. விரும்பியோர் வருவர்; விரும்பாதோர் தம் வழியே போவர். எல்லாப் பவனியும் பகைக்கு வித்து என்பது இதன் பொருளன்று. கல்முனையிலும் கொடிகள் ஊர்வலமாகவே கொண்டுவரப்படுகின்றன. ஆயினும் விழாவொன்று அயலவனுக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும்.

மின்னொளியும் இரவு வண்டியும்

1882இல் நியூயோர்க் நகரில், எடிசனின் கூட்டாளிகளுள் ஒருவரான எட்வேட் ஜோன்சன் தம் வீட்டு நத்தார் மரத்தைச் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தினவான 80 மின்குமிழ்களால் அலங்கரித்தார். மெழுகுதிரியின் இடத்தை மின்னொளி பற்றத் தொடங்கியது அப்போதுதான். கொழும்பில் பூஸ்ரெட் சகோதரர் நிறுவனம் 1895இல் மின் வழங்கலைத் தொடங்கியது. துறைமுகம், விடுதிகள், 1906இல் கோட்டையில் எழுந்த கார்கில்ஸ் மாளிகை போன்ற பெருங்கடைகள் என மின்னொளி முதலில் வணிகத்தையே சார்ந்து நின்றது. ஆலயத்துக்குள் நுழையாதவரும் கடைத்தெருவில் நின்று நத்தாரைப் பார்க்கும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று. புறக்கோட்டையில் நத்தார் அலங்காரப் பொருட்களை விற்போருள் முஸ்லிம் வணிகர் பலர் உளர். 1900களின் முதற் பத்தாண்டில் எழுந்த செங்கோட்டுப் பள்ளிவாசலின் அயலிலுள்ள தெருக்களில் டிசெம்பர் மாதத்து மின்மாலைகள் தொங்குகின்றன. விற்பவரின் சமயம் ஒன்று, வாங்குபவரின் சமயம் வேறொன்று, வேடிக்கை பார்ப்பவரின் சமயம் பிறிதொன்று. பெருநகரின் தன்மை இதுவே.

கிழக்கிலிருந்து அந்நகரை அடைதல் எளிதன்று. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கல்முனையார் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வீதிவழியே வடக்கு நோக்கிச் சென்று அங்கு வண்டியேற வேண்டும். கிழக்கின் பெருமழைக் காலத்திலேயே நத்தார் வருகின்றது. வயல் விதைத்து முடிந்திருக்கும்; பாடசாலை விடுமுறை தொடங்கியிருக்கும்; கடலும் கொந்தளிப்பாயிருக்கும். இரவு வண்டியில் கொழும்பு செல்வதற்கு வேளாண்மைக் குடிகளுக்கும் மீன்பிடிக் குடிகளுக்கும் அதுவே தோதான காலம். வைத்தியம், வழக்கு, வாணிபம் என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லிச் சென்றவரும் மாலையில் கோட்டைக்கும் காலிமுகத்துக்கும் சென்று விளக்குப் பார்த்தே திரும்பினர்.

எமது ஊர்களில் அக்காலத்து விழாவொளி எண்ணெய் விளக்கும் பெற்றோமாக்ஸ் விளக்குமேயாகும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக இங்கினியாகலையில் பெருநீர்த்தேக்கமும் பின்னர் நீர்மின் நிலையமும் அமைந்தன. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. மின்கம்பிகள் கரையோரத்தை அடைந்தபோது, தலைநகரில் மட்டும் காணக்கூடியதாயிருந்த நிறவொளி ஊர்ப் பள்ளிகளிலும் கோயில்களிலும் எரியத் தொடங்கியது.

கடற்கரைப் பள்ளியின் கொடி

கல்முனைக்குடியில் கடலை நோக்கி நிற்கும் கடற்கரைப் பள்ளி, நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் பெயரால் அமைந்த நினைவிடமாகும். அப்பெரியார் வாழ்ந்தது 16ஆம் நூற்றாண்டு. அவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். கல்முனையிலுள்ளது அவர் உடல் அடங்கிய இடமன்று. கடல்வழிப் பயணிகளைக் காப்பவராகக் கருதப்பட்ட அவருக்கு, தமிழ் முஸ்லிம் வணிகர் சென்ற கரைகள் தோறும் நினைவிடங்கள் எழுந்தன. பினாங்கில் ஒன்றும், சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் 1828க்கும் 1830க்குமிடையில் கட்டப்பட்ட ஒன்றும் அத்தகையன. கல்முனை விழாவையும் இருநூறு ஆண்டளவு பழமையுடையதாக ஊரார் கணக்கிடுகின்றனர். வங்காள விரிகுடாவின் கரைகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பெயரால் விளக்குகள் ஏற்றப்பட்டமை தற்செயலாயிருத்தல் அரிது. மரக்கல வாணிபமே அவற்றை இணைத்த நூல்.

நாகூரிலும் இப்பொதுத்தன்மை தொடக்கத்திலிருந்தே காணப்படுகின்றது. அங்குள்ள ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்கர். இவர் 1739 முதல் 1763 வரை ஆண்டவர், இந்து. கந்தூரி நாட்களில் அம்மினாராக்கள் விளக்கொளியில் நிற்பதைக் காண எச்சமயத்தாரும் வருகின்றனர். நாகபட்டினத்திலிருந்து கப்பல் வடிவான ஊர்திகளில் கொடிகள் வருவதும், பத்தாம் இரவில் சந்தனக்கூடு புறப்படுவதும் அவ்விழாவின் சிறப்புகள். வெசாக் விளக்கைக் குறிக்கவும் சந்தன ஊர்தியைக் குறிக்கவும் ‘கூடு’ என்னும் ஒரே சொல் எமது வழக்கில் உள்ளமை நினைக்கத்தக்கது.

கல்முனையில் விழா ஜுமாதுல் ஆகிர் மாதத்துத் தலைப்பிறையோடு தொடங்குகின்றது. கொடிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டுப் பள்ளியின் மினாராவில் ஏற்றப்படுகின்றன. தொடர்ந்து பன்னிரு நாட்கள் மௌலூது ஓதுதலும் பக்கீர் பாவாக்களின் றாத்தீபும் நடைபெறும். இறுதியில் கந்தூரிச் சோறு பகிரப்படும். சாய்ந்தமருது, மருதமுனை, நற்பிட்டிமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருவர். மணற்பரப்பில் மிட்டாய்க் கடையும் வளையற் கடையும் விளையாட்டுப் பொருட் கடையும் நிறையும். அயலிலுள்ள தமிழரும் நேர்த்தியின் பொருட்டும் புதினம் பார்க்கும் பொருட்டும் வருவது வழக்கம். இதேபோற் பாண்டிருப்புத் திரௌபதியம்மன் கோயில் தீமிதிப்பைத் தொலைவில் நின்று பார்க்க முஸ்லிம்கள் சென்றதும் உண்டு. கரைவாகுப் பற்றின் மக்களுக்குக் கல்முனைதான் ‘பெருநகர்’. அவர்களுடைய புகார் இதுவே.

அணைந்த இரவுகள்

பிறையை அடியொற்றிய இஸ்லாமிய மாதம் சூரிய ஆண்டில் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்கின்றது. ஆகவே சுமார் முப்பத்து மூன்று ஆண்டுக்கொருமுறை கடற்கரைப் பள்ளியின் கொடி மாதமும் நத்தாரும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அத்தகைய சந்திப்பொன்று 1990 டிசெம்பரில் வாய்த்தது. ஆயின் அவ்வாண்டு கிழக்கின் மிகக் கொடிய ஆண்டு. ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் அவ்வாண்டிற் படுகொலைகளையும் இடப்பெயர்வையும் கண்டன. அயலூர் விளக்கைப் பார்க்க இரவில் நடந்து செல்வது அத்தகைய காலத்தில் எவருக்கும் இயலாதது. 1980களிலிருந்து 2009 வரை நீடித்த போர் கட்டடங்களை மட்டும் அழிக்கவில்லை. இரவு நடையையும் அழித்தது. ஒரு தலைமுறை மற்றவரின் விழாவைக் காணாமலே வளர்ந்தது.

2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், போயா தினமுமாகும். அன்று காலை ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறையிலேயே நிகழ்ந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரைப் பள்ளியைச் சூழ்ந்திருந்த குடியிருப்புகள் அழிந்தன. அதே காலையில் நாகபட்டினம் மாவட்டத்திலும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரே பெரியாரின் பெயரால் விளக்கேற்றிய இரு கரைகளும் ஒரே அலையால் இருண்டன. ஆயினும் அவ்விரு கரைகளிலும் விழா மீண்டும் நிகழ்ந்தது.

கடல் செய்ததனை மனிதர் தாங்கிக்கொண்டனர். மனிதர் செய்ததனைத் தாங்குவது அதனிலும் அரிதாயிற்று. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய ஆலயமும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயமும், கொழும்பு விடுதிகளும் முஸ்லிம் தீவிரவாதிகளாற் குண்டுவைத்துத் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொச்சிக்கடை ஆலயம் எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரி ஏற்றச் செல்லும் இடம் என்பதை நினைவுகூர்தல் தகும். அக்குழுவின் தலைவன் கிழக்குக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்தவன். ஏப்பிரல் 26இல் அவனது குடும்பத்தினரும் கூட்டாளிகளும் சாய்ந்தமருதில் மறைந்திருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டபோது, சிறுவர் உட்படப் பலர் குண்டுவெடிப்பில் மாண்டனர். ஐயுற்ற ஊர்மக்கள் கொடுத்த தகவலே படையினரை அவ்விடத்துக்கு இட்டுச் சென்றது. தேவாலயங்களைத் தாக்கிய அக்குழு, அதற்கு முன் 2017இல் காத்தான்குடியில் சூபி மரபினரோடு மோதியிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. அயலவரின் விளக்கை வெறுத்தோர் தம்மவரின் விளக்கையும் வெறுத்தோரே.

இதன் விளைவு யாது? காண வருவோன் ஐயத்துக்குரியவனானான். எம் கரையோரத்து முஸ்லிம் இளைஞனொருவன் டிசெம்பர் மாலையில் கொழும்பு ஆலயமொன்றின் முன் நின்று அதன் மின்மாலைகளை அண்ணாந்து பார்ப்பது முன்னர் எவரும் பொருட்படுத்தாத காட்சி. 2019இன் பின்னர் அது அடையாள அட்டை கேட்கப்படக்கூடிய காட்சியாயிற்று. அவ்வாறு கேட்போரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. அவர்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்தவர்கள். ஆனால் கேள்விக்கு அஞ்சி அவ்விளைஞன் போகாதொழிவானாயின், நட்டம் அவனுக்கு மட்டுமன்று.

வீண்விரயமா?

விழாவொளி வீண்விரயம் என்னும் கண்டனம் ஒன்றுண்டு. நினைவிடங்களில் கொடியேற்றுவதும் கந்தூரி கொடுப்பதும் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை எனச் சீர்திருத்தவாதிகள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் வன்முறையோடு எத்தொடர்பும் அற்றவர். நூலாதாரம் காட்டிப் பேசுவோர். நத்தார் வணிகமாகிவிட்டது என வருந்தும் கிறிஸ்தவரும், வெசாக் ஆரவாரமாகிவிட்டது எனக் கூறும் பௌத்தரும் இதனையொத்த கருத்தையே தத்தம் நிலையில் நின்று முன்வைக்கின்றனர். இதில் மார்க்கத் தீர்ப்பு வழங்குவது வரலாற்று மாணவனின் பணியன்று.

ஆயின் கணக்கெடுப்பது அவன் பணியே. மின்கட்டணமும் கொடித்துணியும் சோற்றுச் செலவும் செலவுப் பக்கத்தில் எழுதப்படுமாயின், வரவுப் பக்கத்தில் எழுதவேண்டியனவும் உள. மருதமுனைச் சிறுவன் பாண்டிருப்புச் சிறுவனைப் பகைமையற்ற நிலையிற் காணும் இடங்கள் எத்தனை? பாடசாலை சமயவாரியாகப் பிரிந்துள்ளது, குடியிருப்பு பிரிந்துள்ளது, கல்முனையின் பிரதேச நிர்வாகத்தைப் பிரிப்பது பற்றிய பிணக்கும் நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்துள்ளது. சந்தையும் விழாவுமே எஞ்சியவை. சந்தையில் விலை பேசப்படுகின்றது. விழாவில் அதுகூட வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டு நின்றாலே போதும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். விழா விளக்கை வெளியில் வைக்கும் உரிமை இந்நாட்டில் இயல்பாக வந்ததன்று. 1806, 1885 போன்ற ஆண்டுகளில் வெவ்வேறு மக்கள் பெற்றுக்கொண்டது. அதனைப் பொதுவுடைமையாக்கியவர் அரசினரோ சமயத் தலைவரோ அல்லர். காணச் சென்ற சாதாரண மக்கள். போரும் பயங்கரமும் முதலில் தாக்கியது இம்மக்களின் இரவுப் பயணத்தையே.

நத்தாரும் ஜுமாதுல் ஆகிர் மாதமும் 2022 டிசெம்பர் இறுதியில் மீண்டும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன, 2023இலும் அவ்வாறே. இனி இச்சந்திப்பு நிகழ மற்றொரு தலைமுறை கழிய வேண்டும். அதற்கிடையில் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கொடியேற்ற அறிவித்தல்கள், பழைய நிழற்படங்கள், கடை போட்டோரின் கணக்குகள், கொழும்புக்கு விளக்குப் பார்க்கச் சென்ற முதியோரின் வாய்மொழிகள் ஆகியன ஊர்தோறும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றைத் தொகுக்கும் பொறுப்பினை ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தினரும் ஏனைய பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறை மாணவரும் ஏற்பாராக. தொகுக்கும்போது விழா எடுத்தோரின் பெயர்களோடு, காண வந்தோர் எந்தெந்த ஊரினர், எவ்வழி வந்தனர், எவ்வாண்டில் வருவதை நிறுத்தினர் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். நிறுத்திய ஆண்டை அறிந்தோரே மீண்டும் தொடங்கும் ஆண்டையும் அறிவர்.

புகார்க் கடற்கரையில் வேற்றுமொழியாளர் வைத்த விளக்கைத் தம் நகரின் விளக்குகளோடு சேர்த்து எண்ணினார் இளங்கோவடிகள். அவ்வாறு எண்ணும் பழக்கத்தை எமது கடற்கரையும் இழந்துவிடலாகாது.